பத்து லட்சம் கோப்புகளுக்கு ஆர்சிங்க் கொண்டு தினசரி பேக்கப்

40 ஜிபி உள்ள ஒரே வீடியோவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்க நான்கைந்து நிமிடம் போதும். அதே 40 ஜிபி, ஒவ்வொன்றும் 40 கேபி அளவில் 10 லட்சம் ஸ்கேன் பக்கங்களாக இருந்தால் கதையே வேறு. சுழலும் டிஸ்கின் முனை வினாடிக்கு ஏறத்தாழ 100 முறைதான் இடம் மாறும். கோப்புக்கு ஒரு முறை என்றாலே 10,000 வினாடி, அதாவது ஏறத்தாழ கால் மணி குறைய 3 மணி நேரம் ஆகும். இங்கே சுமை அளவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான்.

லினக்ஸ் கணினி, ஆர்சிங்க் (மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் நிரல்) 3-ஆம் பதிப்பு, இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்த பேக்கப் டிஸ்க் ஆகியவற்றை வைத்துக்கொள்வோம். கட்டளைகள் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

டிஸ்க் வாங்கியபடியே எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் அப்படியே பயன்படுத்த வேண்டாம். எக்ஸ்ஃபேட்டில் ஹார்டு லிங்க் (டிஸ்கில் உள்ள ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) கிடையாது, கோப்பின் உரிமையாளர் விவரமும் பதியாது. இஎக்ஸ்டி4-லும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ஃபார்மேட், 16 கேபிக்கு ஒரு ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் பதியும் இடம்) என்ற கணக்கில் இடம் ஒதுக்கும். உங்கள் கோப்புகள் சராசரியாக 3, 4 கேபிதான் என்றால், டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்ற பிழை வரும். 'டிஎஃப் -ஐ' என்று கொடுத்தால் ஐநோடு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பிறகு கூட்ட முடியாது. ஃபார்மேட் செய்யும்போதே '-ஐ 4096' என்று கொடுத்துவிட வேண்டும்.

முதல் முழு நகலுக்கு ஆர்சிங்கைவிட, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் பெரும்பாலும் வேகமானது. மூல அடைவில் டாரைக் கட்டச் சொல்லி, பைப் வழியே இலக்கில் இன்னொரு டாரைப் பிரிக்கச் சொன்னால் நடுவில் எந்த ஒப்பீடும் இல்லாமல் கோப்புகள் ஓடும். அது பாதியில் அறுந்தால் கவலை வேண்டாம், மீதியை ஆர்சிங்க் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த நாளிலிருந்து கட்டளை இப்படி:

ஆர்சிங்க் -ஏ --லிங்க்-டெஸ்ட்=../2025-03-09 /தரவு/ஸ்கேன்/ /பேக்கப்/2025-03-10.பாதி/

மூலத்தின் முடிவில் உள்ள சாய்கோட்டை விட்டுவிட்டால் 'ஸ்கேன்' என்ற அடைவே உள்ளே போய் உட்காரும். அப்போது முந்தைய நாளின் பாதைகளோடு எதுவும் பொருந்தாது, 10 லட்சம் கோப்பும் மறுபடி நகலாகும். லிங்க்-டெஸ்ட் பாதையும் இதே போன்ற பொறிதான். தொடர்புப் பாதை (மேலே உள்ளதுபோல் '..' என்று தொடங்குவது) கொடுத்தால் அது நீங்கள் நிற்கும் அடைவிலிருந்து அல்ல, இலக்கு அடைவிலிருந்து எண்ணப்படும். பாதை தவறாக இருந்தால் ஆர்சிங்க் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு முழு நகலைத் தொடங்கிவிடும். முதல் தடவை '-என்' சேர்த்து ஒத்திகை பாருங்கள்.

நேற்றிலிருந்து மாறாத கோப்புக்கு இந்தக் கட்டளை ஹார்டு லிங்க் மட்டும் போடும். எனவே ஒவ்வொரு தேதி அடைவும் முழு நகலாகத் தெரியும். ஆனால் மாறிய கோப்புகளும் அடைவுகளும் மட்டுமே புதிதாக இடம் பிடிக்கும். இரண்டு தேதிகளையும் ஒரே 'டியூ -எஸ்எச்' கட்டளையில் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவது மிகச் சிறிதாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லிங்க் விழவில்லை.

'--டிலீட்' போட்டு ஒரே அடைவை நாள்தோறும் மூலத்தோடு சமன் செய்வதைப் பலரும் பேக்கப் என்கிறார்கள். அது பிரதி மட்டுமே. மாலையில் தவறி அழித்த அடைவு, இரவு 2 மணிக்குப் பேக்கப்பிலிருந்தும் அழிந்துபோகும். தேதிவாரியாக வைத்தால் அந்த வசதியே தேவைப்படாது.

இதை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் போடுங்கள். தேதி கட்டளையை நேரே க்ரான்டேபில் எழுதினால் சதவீதக் குறியை அது வரிமுடிவாக எடுத்துக்கொள்ளும், வேலை ஓடாது. ஸ்கிரிப்டின் முதல் வேலை, 'மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப்' என்று கொடுத்து டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. டிஸ்க் செருகப்படாத இரவில் இந்தச் சோதனை இல்லாவிட்டால் கோப்புகள் கணினியின் சொந்த டிஸ்கை நிரப்பிவிடும். ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்காமலிருக்க 'எஃப்லாக் -என்' சேருங்கள். ஆர்சிங்க் 0 என்ற எண்ணோடு முடிந்தால் '.பாதி' என்ற ஒட்டை நீக்கிப் பெயர் மாற்றலாம். 24 என்றால் நகலெடுக்கும்போது சில கோப்புகள் மறைந்தன என்று பொருள், ஏற்கலாம். 23 என்றால் சில கோப்புகளைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. பதிவைப் பார்க்காமல் விடாதீர்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்குத் தனியாக இரண்டு சிக்கல் உண்டு. ஒரு கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கொ' என்பதில் மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு, 6 பைட். ஆக 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். நூல் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்துப் பெயரிடுபவர்கள் இதில் எளிதாக மாட்டுவார்கள். இரண்டாவது, பழைய மேக் டிஸ்குகள். எச்எஃப்எஸ் பிளஸ் முறை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாக உடைத்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே 'கொடி', பைட்டில் வேறு வேறு. லினக்ஸில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருப்பதாகத் தெரியும். மேக்கிலிருந்து ஆர்சிங்க் ஓட்டும்போது '--ஐகான்வ்=யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8' என்று கொடுத்தால் தீரும். இந்த வசதி இருக்கும் பதிப்புதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேபெக், பிடிஎஃப் கோப்புகளை நெட்வொர்க்கில் அனுப்பும்போது '-இசட்' தேவையில்லை, ஏற்கெனவே சுருங்கியவை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை நேரே நகலெடுக்கவும் கூடாது. அதன் டம்ப் கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து அதைச் சேருங்கள்.

ஹார்டு லிங்க் முறையில் 30 தேதிகள் இருந்தாலும், மாறாத கோப்பு டிஸ்கில் ஒன்றே ஒன்றுதான். அந்த இடம் பழுதானால் 30-உம் பழுது. பேக்கப்புக்குள் போய் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தாலும் எல்லாத் தேதியிலும் அது மாறக்கூடும். ஆகவே இரண்டு டிஸ்க் வைத்து வாரம் மாற்றி வாரம் பயன்படுத்துங்கள், ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை சரிபார்ப்பு. மூல அடைவுக்குள் நின்று 'ஃபைன்ட்' தரும் பட்டியலில் 'ஷஃப்' மூலம் 200 கோப்புகளைக் குலுக்கி எடுத்து, அவற்றின் 'ஷா256சம்' எண்களை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றவை) ஒரு கோப்பில் எழுதுங்கள். பெயர்களில் இடைவெளி இருக்கும். அதனால் ஃபைன்டுக்கு '-பிரின்ட்0', ஷஃபுக்கு '-இசட்', பட்டியலை ஷா256சமுக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு '-0' கட்டாயம். பிறகு பேக்கப் அடைவுக்குள் போய் 'ஷா256சம் -சி --கொயட்' என்று அந்தப் பட்டியலைக் கொடுங்கள். பேக்கப்புக்குப் பின் திருத்தப்பட்ட கோப்பு மாறிக் காட்டுவது இயல்பு. திருத்தாத கோப்பு ஒன்றே ஒன்று மாறிக் காட்டினாலும் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். அன்றே வேறு டிஸ்கில் முழு நகல் எடுங்கள்.