வாளி நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: வயல் நண்டு பிடித்து விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊருக்கு வந்த பிள்ளைகள் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கிவிடுவார்கள். வயல் நண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் விடும்போதே பல நண்டுகள் துவண்டு கிடக்கின்றன. வழுக்கல், முள், கண்ணாடிச் சில்லு பற்றி வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். இங்கே பெரும்பாலும் நண்டுக்கு நேரும் கேட்டைத்தான் பார்ப்போம்.

வாளி நிறையத் தண்ணீர்

ஆண்டுதோறும் நடப்பது, ஒவ்வொரு முறையும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 'நண்டு தண்ணீரில் வாழ்வது, தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும்' என்று பத்து லிட்டர் வாளியை விளிம்புவரை நிரப்பி, ஏழெட்டு நண்டுகளைப் போட்டு வெயிலில் வைத்துவிடுகிறார்கள். ஓடையில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் காற்று கலந்தபடி இருக்கும். வாளியில் தேங்கிய நீருக்கு மேற்பரப்பு வழியாக மட்டுமே காற்று சேரும். நீர் சூடேறினால் அதில் தங்கும் ஆக்சிஜனும் குறையும். நண்டு மேலே ஏறி மூச்சுவிடப் பார்க்கும். பிளாஸ்டிக் சுவர் வழுக்கும். கடைசியில் மூச்சு முட்டிச் சாகும்.

வயல் நண்டு செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலேயே மூச்சுவிடும். ஆகவே இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஓடைத் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், மேலே நனைத்த கோணித்துணி, நிழல். இவ்வளவு போதும். வாயோரம் நுரை தள்ளினால், செவுளில் தேக்கிவைத்த நீரில் அது காற்றைக் கலக்கிறது என்று பொருள். ஈரம் குறைகிறது, துணியை நனையுங்கள். அந்த நுரையைப் பார்த்துப் பதறித்தான் பலரும் வாளியை நிரப்புகிறார்கள்.

ஒரு வாளிக்கு ஒரு நண்டு. இரண்டைச் சேர்த்தால் ஒன்றன் காலை ஒன்று வெட்டும். சட்டை உரித்து ஓடு இன்னும் கெட்டியாகாத மெத்தை நண்டு மாட்டினால் மற்றது தின்றே விடும். கால்மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கடித்ததும் உதறுவது

கொடுக்கு விரலைக் கவ்வினால் இழுக்கக் கூடாது. இழுத்தால் நண்டு கொடுக்கை அடிக்கணுவில் தானே கழற்றிவிட்டு ஓடும். அது மறுபடி முளைக்கும், ஆனால் பழைய அளவுக்கு வர பலமுறை சட்டை உரிக்க வேண்டும்; அதுவரை இரை பிடிக்கவும் சண்டைக்கும் ஒற்றைக் கொடுக்குதான். கையைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் இருங்கள், தானே விட்டுவிடும். பிடிப்பதென்றால் பின்பக்கமாக, ஓட்டின் இரு ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடிக்க வேண்டும்.

இதைவிட நல்லது தூண்டில் முள் இல்லாத சணல் கயிறு. நுனியில் கருவாட்டுத் தலையைக் கட்டி வளை வாசலில் தொங்கவிட்டால் நண்டு வந்து பற்றிக்கொள்ளும். மெதுவாகத் தூக்குங்கள், நீர்மட்டத்தைத் தாண்டியதும் பிடியை விட்டுவிடும் என்பதால் அதற்கு முன்பே அடியில் கூடை இருக்க வேண்டும்.

வளைக்குள் கை

விடவே கூடாது. பாம்பும் அங்கேதான் ஒதுங்கும்.

தாய் நண்டை வாளியில் போடுவது

திருப்பிப் பாருங்கள். வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடல் உப்பியிருந்தால் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும். கடல் நண்டின் குஞ்சுகள் நீரில் மிதந்து வளரும்; இதன் குஞ்சுகள் அப்படியல்ல. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளிவந்து சில காலம் மடலுக்குள் ஒண்டியிருக்கும். மடலை விரித்துக் காட்டினால் கடுகுபோல உதிர்ந்துவிடும். பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வேறு இடத்தில் விடுவது

பிடித்த இடத்திலேயே விடுங்கள். நண்டைத் தேடித் தூக்கிய கல்லை அப்படியே வைத்து, அதன் ஓரத்தில் நண்டை இறக்கி, தானே நடந்து போக விடுங்கள். நடுத்தண்ணீரில் வீசினால் விராலுக்குத்தான் இரை. தை, மாசியில் நீர் வற்றத் தொடங்கிய பிறகு இது இன்னும் முக்கியம்: கோடையைக் கடக்க அதற்கு ஈரமுள்ள வளை வேண்டும், எங்கேயோ விட்டால் காய்ந்து சாகும். வயல் வரப்பிலும் விடாதீர்கள், வளை போட்டு வரப்பில் நீர் கசியும்.

ஊருணி

ஊரார் குடிநீர் எடுக்கும் குளம் அது. இறங்காதீர்கள்.

தொட்டிக் கிரேஃபிஷ்

வண்ணமீன் கடையில் வாங்கிய கிரேஃபிஷ் (இறால் போன்ற, கொடுக்குள்ள நன்னீர் உயிரி) அலுத்துப்போய்க் கண்மாயில் விடுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் இயற்கையாகக் கிரேஃபிஷ் கிடையாது. மார்பிள் கிரேஃபிஷ் ஆண் துணை இல்லாமலே பெருகும். ஒன்றே ஒன்று தப்பினாலும் கண்மாய் முழுக்கப் பரவும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.