பேஸ் எஃபெக்ட்ஸ் பெட்டி: கூடுதல் ஒலிகளுக்குப் பணம் கட்டும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கப் புதிதாக வரும் தம்பிகள் பெரும்பாலும் ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குப் போய், ஒலியைப் பல விதமாக மாற்றும் எஃபெக்ட்கள் அடங்கிய, புதியதோ பழையதோ ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை வாங்கி வருகிறார்கள். வாங்கிய சில வாரங்களில் அவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணா, இதுக்கு ஒரு பேக் விக்கிறாங்க, வாங்கலாமா?" பேக் என்பது பெட்டிக்கென்று தனியாக விற்கும் கூடுதல் ஒலிகளின் தொகுப்பு. அந்தக் கேள்விக்குப் பெட்டியே பதில் சொல்லும். பெட்டியிடம் அதைக் கேட்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெட்டி, அடாப்டர், பேஸ், ஹெட்ஃபோன், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மணி நேரம் ஆகியவை இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கூடுதல் ஒலியும் பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் திறனைக் கூட்டுவதில்லை. இருக்கும் திறனைப் பங்கு கேட்க இன்னொரு ஆளைத்தான் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

படி 1: இடங்களின் எண்ணிக்கை வேறு, திறன் வேறு

பெட்டியின் கையேட்டைத் திறந்து, ஒரே நேரத்தில் எத்தனை எஃபெக்ட்களை வரிசையாக வைக்கலாம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூம் எம்எஸ்-60பி என்ற சிறிய பெடலில் 4, ஜூம் பி1 ஃபோரில் 5. லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் 2018இல் வந்தபோது 6 இடங்களைக் கொண்டிருந்தது. 2020 நவம்பரில் வந்த 3.0 மென்பொருள் பதிப்பு அதை 8 ஆக்கியது. உள்ளே இருந்த சிப் அப்போதும் அதே பழைய சிப்தான். இடம் கூடியதால் எட்டு கனமான எஃபெக்ட்களை அதில் வைத்துவிட முடியாது. லேசானவற்றைக் கூடுதலாக அடுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மேடை ஏறியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. திருவிழா ஜெனரேட்டரில் எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எத்தனை கிலோவாட் தாங்கும் என்றுதான் கேட்கிறோம். எட்டு பாயிண்டிலும் எல்இடி விளக்கு மாட்டினால் ஓடும் ஜெனரேட்டர், இரண்டு பாயிண்டில் பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் முனகும்.

படி 2: வெற்றுப் பேட்ச்சில் சுமைச் சோதனை

பேட்ச் என்பது எஃபெக்ட்களை வரிசையாக அடுக்கிச் சேமித்த ஓர் அமைப்பு. ஏற்கனவே நன்றாக இருக்கும் பேட்ச்சில் கை வைக்காமல், காலியான ஒரு பேட்ச்சைத் திறந்துகொள்ளுங்கள். முதலில் கம்ப்ரஸர் (ஒலி அளவைச் சீராக்குவது), அடுத்து ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), பிறகு ஆம்ப் மாடல் (ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கச் செய்வது), கேபினட் (ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்வது), கடைசியாக ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றைச் சேர்த்த பிறகும் தாழ்ந்த ஈ சரத்தை ஒரு முறை தட்டி ஒலி வருகிறதா என்று கேட்டுவிட்டு, அதன் பெயரை நோட்டில் எழுதுங்கள். ஏதோ ஓரிடத்தில் பெட்டி மறுக்கும். மறுக்கும் விதம் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஜூம் பெட்டிகள் சிலவற்றில் "டிஎஸ்பி ஃபுல்" (சிப்பின் திறன் நிரம்பிவிட்டது) என்ற அறிவிப்பு திரையில் வரும், கடைசியாகச் சேர்த்த எஃபெக்ட் வேலை செய்யாமல் ஒலியை அப்படியே கடத்திவிடும். எச்எக்ஸ் வகைப் பெட்டிகளில் மீதமுள்ள திறனுக்குள் அடங்காத எஃபெக்ட்களின் பெயர்கள் பட்டியலிலேயே மங்கிப்போகும், தேர்ந்தெடுக்கவே முடியாது. மறுப்பு வந்த இடத்துக்கு மேலே நோட்டில் ஒரு கோடு போடுங்கள். அடுத்து வேறொரு காலிப் பேட்ச்சில் வரிசையை மாற்றி, கனமானதை முதலில் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு மூன்று பக்கங்கள் நிரம்பும்போது உங்கள் பெட்டியின் குணம் பிடிபட்டுவிடும். இந்த நோட்டு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

இந்த இடத்தில் புதியவர்கள் தவறாமல் செய்யும் ஒரு பிழை உண்டு. அறிவிப்பு வந்ததும், ரிவெர்ப்பை ஆஃப் செய்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று நினைத்து ஃபுட்சுவிட்சை மிதிப்பார்கள். பெரும்பாலான பெட்டிகளில் எஃபெக்ட் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் அது பிடித்து வைத்திருக்கும் திறன் ஒன்றுதான். பாட்டின் நடுவில் நீங்கள் மிதித்த நொடியிலேயே அது தடங்கலின்றி எழ வேண்டும் என்பதற்காகப் பெட்டி அந்தப் பங்கை முன்பே ஒதுக்கி வைக்கிறது. ஜெனரேட்டர் உவமை இங்கே உதவாது, கல்யாண மண்டபத்து அறைதான் பொருந்தும்: பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன அறையில் ஆள் இல்லாவிட்டாலும் அது வேறு ஒருவருக்குக் கிடைக்காது. இடம் வேண்டுமானால் எஃபெக்ட்டைப் பேட்ச்சிலிருந்தே நீக்க வேண்டும்.

படி 3: எது கனம், எது லேசு, ஏன்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பேஸுக்கு என்று சில தனிச் சிக்கல்கள் உள்ளன.

பெட்டி ஒலியைத் தொடர்ந்து அளந்து எண்களாக எடுத்துக்கொள்கிறது, ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் வேலை செய்யும் பெட்டியில், ஒரு மாதிரிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 20.8 மைக்ரோநொடி. பெட்டி மாதிரிகளைச் சிறு சிறு கூட்டமாக எடுத்துக்கொண்டாலும், சராசரியாக அந்த அவகாசத்துக்குள் பேட்ச்சில் உள்ள எல்லாக் கணக்கும் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் டிக் டிக்கென்று வெட்டு விழும். கணினியில் வாசிக்கிறவர் பஃபரை, அதாவது மாதிரிகள் காத்திருக்கும் இடத்தை, பெரிதாக்கித் தப்பித்துக்கொள்வார். மேடையில் சரத்தைத் தட்டியதும் ஒலி வந்தாக வேண்டும் என்பதால் பெடலுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பெட்டி முன்கூட்டியே மறுத்துவிடுகிறது.

வால்யூம், ஈக்வலைசர், நாய்ஸ் கேட் போன்றவை மிக லேசானவை. கம்ப்ரஸரும் பெரும்பாலும் லேசுதான். ஆம்ப் மாடல் கனமானது. கேபினட்டுக்குப் பதிலாக ஏற்றும் ஐஆர் கோப்பின் (நிஜ ஸ்பீக்கர் பெட்டி எப்படி ஒலிக்கிறது என்பதன் பதிவு) கனம் அதன் நீளத்தைப் பொறுத்தது. 1,024 மாதிரி நீளமுள்ள ஐஆரை நேர்வழியில் கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 4.9 கோடிப் பெருக்கல்கள் தேவைப்படும், 2,048 என்றால் 9.8 கோடி. கணக்கைச் சுருக்கும் வழிகள் உண்டு என்றாலும், நீளம் கூடினால் சுமை கூடும் என்பதில் மாற்றமில்லை.

கிட்டார்காரர்கள் குறுகிய ஐஆரே போதும் என்பார்கள். பேஸ்காரர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1,024 மாதிரி என்பது 48,000 வேகத்தில் வெறும் 21 மில்லிநொடி. அதனால் பிரித்தறியக்கூடிய அதிர்வெண் இடைவெளி ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ். நான்கு சரப் பேஸின் தாழ்ந்த ஈ ஒலிப்பதோ 41.2 ஹெர்ட்ஸில், அதாவது அந்த ஒரே இடைவெளிக்கும் கீழே. 2,048 மாதிரி என்றால் இடைவெளி சுமார் 23 ஹெர்ட்ஸ் ஆகிறது, அடித்தளத்தின் வடிவம் ஓரளவு தெளிவாக வருகிறது. ஆக, பேஸில் திறனைச் செலவிடத் தகுந்த இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உங்கள் மேடையின் சப்வூஃபர் அந்த ஆழத்தை எழுப்பக்கூடியதா என்று பார்த்துவிட்டுச் செலவிடுங்கள்.

சுருதி மாற்றும் எஃபெக்ட்களில் இரண்டு வகை உண்டு. 1982இல் வந்த பாஸ் ஓசி-2 பெடலின் வழியில் ஒற்றை ஸ்வரத்தை மட்டும் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கும் பழைய பாணி ஆக்டேவர் பெரும்பாலும் லேசானது. பல சரங்களை ஒரே நேரத்தில் தட்டினாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றித் தரும் பாலிஃபோனிக் வகை, பல பெட்டிகளில் இருப்பவற்றிலேயே அதிகக் கனமுள்ளது. இன்னொரு தொல்லையும் உண்டு. தாழ்ந்த ஈயின் ஒரு முழு அலை முடிய 24 மில்லிநொடி ஆகிறது. ஐந்து சரப் பேஸின் பி சரத்துக்கு 32 மில்லிநொடி. சுருதி எது என்று கண்டுபிடிக்க வேண்டிய எஃபெக்ட், அலையின் வடிவம் தெரியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். தாழ்ந்த ஸ்வரங்களில் ஆக்டேவர் தடுமாறுவது இதனால்தான், இதை எந்தப் பேக்கும் சரிசெய்யாது. பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் நகர்ந்து வாசித்துப் பாருங்கள், அதே ஆக்டேவர் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

படி 4: பேட்ச்சை இளைக்க வைத்தல்

மேடையில் நிஜமான பேஸ் ஆம்ப்பும் அதன் ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தால், பேட்ச்சில் உள்ள கேபினட்டை நீக்கிவிடுங்கள். கேபினட்டுக்குள் கேபினட் வைத்தால் ஒலி போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். ஸ்டீரியோ எஃபெக்ட்களுக்கு மோனோ வடிவம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், ஏனெனில் ஸ்டீரியோ ஏறக்குறைய இரட்டிப்பு வேலை. பேஸோ மிக்ஸருக்கு ஒற்றை கேபிளில்தான் போகிறது. ரிவெர்ப்பை மிக்ஸரில் இருப்பவரிடமே விட்டுவிடலாம். இரண்டு சிப் கொண்ட பெரிய பெட்டிகளில், உதாரணமாக ஹீலிக்ஸ் ஃப்ளோரில், இரண்டு பாதைகளுக்கும் தனித்தனித் திறன் உண்டு. முதல் பாதை நிரம்பினால் மீதியை இரண்டாவதற்கு அனுப்பலாம்.

படி 5: விற்பது என்ன என்று இனம்காணுதல்

"ஆட்-ஆன்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, பெட்டியில் இல்லாத புதிய எஃபெக்ட் அல்லது ஆம்ப் மாடல். 2000களின் தொடக்கத்தில் வந்த லைன் 6 பாட் எக்ஸ்டிக்கு மாடல் பேக் என்ற பெயரில் இவற்றை விற்றார்கள், பேஸ்காரர்களுக்கென்றே பேஸ் எக்ஸ்பான்ஷன் என்ற பேக்கும் இருந்தது. 2011இல் வந்த டிஜிடெக் ஐஸ்டாம்ப் இன்னும் விசித்திரமானது: செயலியில் பெடல்களை ஒவ்வொன்றாக விலைக்கு விற்றார்கள், ஆனால் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்ற முடிந்தது. அண்மைக் காலத்தில் குவாட் கார்டெக்ஸ் வைத்திருப்பவர்கள், அதே நிறுவனத்தின் கணினி பிளக்-இன்கள் சிலவற்றை வாங்கியிருந்தால் அவற்றைப் பெட்டியிலும் பயன்படுத்த முடிகிறது. இரண்டாவது வகை ஐஆர், கேப்சர் (நிஜ ஆம்ப்பின் ஒலியைப் படியெடுத்தது) போன்ற கோப்புகள். மூன்றாவது பிரீசெட் பேக்: பெட்டியில் ஏற்கனவே இருக்கும் எஃபெக்ட்களை இன்னொருவர் திருகி வைத்த அமைப்பு. இதில் புதிதாக எதுவும் வருவதில்லை. அவருடைய காதுக்கும் நேரத்துக்கும்தான் பணம் கொடுக்கிறீர்கள். அது தவறில்லை, தெரிந்து கொடுக்க வேண்டும்.

நான் தெரியாமல் கொடுத்தவன். என்னுடைய சிறிய பெட்டிக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்த நாற்பது பிரீசெட்களின் பேக் ஒன்றை வாங்கி, இரண்டை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா மேடைக்குப் போய்விட்டேன். மூன்றாவது பாட்டில் ஃபஸ் (ஓவர்டிரைவைவிடக் கடுமையான கரகரப்பு) பேட்ச்சை மிதித்ததும், அதன் அளவை அடக்கி வைக்க வேண்டிய ஆம்ப் பிளாக் (பேட்ச் வரிசையில் ஓர் இடத்தில் வைக்கும் எஃபெக்ட்டைப் பிளாக் என்பார்கள்) இல்லாமல் ஒலி பாய்ந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் பதறிப்போய் என் ஃபேடரை அடிவரை இழுத்துவிட்டார். அடுத்த பாட்டு தொடங்கி அரை நிமிடம் கழித்து ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி திரும்பி, "அண்ணா, பேஸ் எங்க?" என்றான். மறுநாள் ஒவ்வொரு பிளாக்காக ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அவை பெரிய மாடலில் செய்யப்பட்டவை என்பதும், என் பெட்டியில் அடங்காதவை சத்தமில்லாமல் உதிர்ந்திருந்தன என்பதும் தெரிந்தது.

படி 6: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பேக் எந்த மாடலில், எந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பில் செய்யப்பட்டது என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். "அந்த வரிசைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். ஒரு பேட்ச்சில் உள்ள பிளாக்குகளின் பட்டியலையாவது கேட்டு வாங்கி, படி 2இல் எழுதிய நோட்டை எடுத்து அதே வரிசையை உங்கள் பெட்டியில் அடுக்கிப் பாருங்கள். அடங்கினால் வாங்குங்கள். ஐஆர் என்றால் நீளத்தையும் மாதிரி வேகத்தையும் பாருங்கள்.

பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. கூடுதல்களின் உரிமம் சிலவற்றில் பெட்டியோடும், சிலவற்றில் வாங்கியவரின் கணக்கோடும் கட்டப்பட்டிருக்கும். "எல்லாப் பேக்கும் உள்ளே இருக்கு" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், முந்தைய உரிமையாளர் கணக்கை விடுவித்துத் தருவாரா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். டாலரில் கட்டுவதாக இருந்தால், அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டு, வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: ஏற்றிய பிறகு

ஏற்றும் முன் பழைய பேட்ச்கள் எல்லாவற்றையும் கணினியில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் மாற்றம் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாக நடக்கட்டும். மின்சாரம் போய்வரும் மாலை நேரத்தில் அதைத் தொடங்க வேண்டாம். புதிய பேட்ச் ஒவ்வொன்றையும் உங்கள் வழக்கமான பேட்ச்சோடு மாற்றி மாற்றி மிதித்து, ஒலி அளவு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோனில் சரியாக இருப்பது ஸ்பீக்கரில் மாறும் என்பதால், ஒத்திகையில் ட்ரம்ஸோடு ஒரு முறையாவது முழுப் பாட்டையும் வாசியுங்கள்.

இப்போது என் மேடைப் பேட்ச்சில் கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், ஈக்வலைசர், பழைய பாணி ஆக்டேவர் ஆகிய நான்குதான் இருக்கின்றன. ஐந்தாவது இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த நாற்பதில் இரண்டு பிரீசெட்களை என் பெட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்து வைத்திருக்கிறேன். மாங்கனிக் கண்காட்சி போன்ற பெரிய மேடைகளில் மட்டும் அவை வெளியே வரும்.