மலாவிக்கு மருத்துவ ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

மலாவியில் கிராம சுகாதார வேலை நீங்கள் போய்த் தொடங்கி வைக்கக் காத்திருக்கவில்லை, அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அரசு சம்பளத்தில் எச்.எஸ்.ஏ. என்று கூப்பிடப்படும் சுகாதாரப் பணியாளர் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, நடைமுறையில் அதைவிட அதிகம் பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். ங்கோமா, முலாஞ்சே, எம்பங்வேனி போன்ற மிஷன் மருத்துவமனைகள் அவரோடு சேர்ந்துதான் கிராமங்களுக்குப் போகின்றன. டாக்டரோ நர்ஸோ, ஊருக்குள் நீங்கள் அவருக்குக் கை ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

முதலில் காகித வேலை. டாக்டர் என்றால் மலாவி மருத்துவ கவுன்சிலிலும், நர்ஸ் என்றால் செவிலியர் கவுன்சிலிலும் பதிவு வேண்டும். சுற்றுலா விசாவில் போய் நோயாளியைத் தொடாதீர்கள். ஊழியம் என்பதற்காக அந்த நாட்டுச் சட்டம் வளைந்துகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை.

மொழி தெற்கிலும் நடுவிலும் சிச்சேவா, வடக்கே போனால் தும்புகா. "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரித்து, அவர்களும் திருப்பி விசாரித்து, அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் எந்தக் கேள்வியும். வரிசை நீளமாக இருக்கிறது என்று நேராக "காய்ச்சல் எத்தனை நாளாக?" என்று ஆரம்பித்தால் அந்த அம்மா பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். ஊருக்குள் போனதும் ஊர்த் தலைவரைப் பார்த்துவிட்டே மருந்துப் பெட்டியைத் திறங்கள். பெண்கள் இடுப்பில் சித்தேஞ்சே துணி கட்டிக்கொள்வது நல்லது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான கிளினிக் நாள் பெரும்பாலும் ஜெபத்தோடு தொடங்கும், அப்புறம் பாட்டு. தாய்ப்பால், கைகழுவுதல் எல்லாம் பாட்டாகவே வரும், கூடவே கைதட்டுங்கள். மரக்கிளையில் தொங்கும் தராசில் குழந்தையை மாட்டி, எடையைத் தாய் கொண்டுவரும் சுகாதாரப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள், எடை ஏறுவது எந்த மாதத்திலிருந்து நின்றுபோனது என்பதில் பாதி விஷயம் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேல்கையில் நிறம் குறித்த அளவு நாடாவைச் சுற்றினால் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. ஆனால் நாடாவை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது வீக்கம், நாடா பச்சை காட்டினாலும் அந்தக் குழந்தைக்கு அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று தெரிகிற குழந்தையை இப்படித்தான் தவறவிடுகிறோம்.

இருமல் என்றால் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவின் அறிகுறி. காய்ச்சலுக்கு மலேரியா சோதனைப் பட்டை. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., கூடவே துத்தநாக மாத்திரை, போக்கு நின்ற பிறகும் நாள் கணக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும்.

"மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்ததோடு வேலை முடியாது. எப்படிப் போவார்? கபாஸா என்கிற சைக்கிள் அல்லது பைக் வாடகைக்குக் காசு இருக்கிறதா? வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? இதைக் கேட்டு வழி செய்யாத சீட்டு வெறும் காகிதம்.

பார்வையாளர்கள் பெரும்பாலும் சாலை காய்ந்திருக்கும் ஜூன், ஜூலையில் வருகிறார்கள். ஆனால் கஷ்டம் உச்சத்தில் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை: போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புது விளைச்சல் வந்திருக்காது, மழையோடு மலேரியாவும் ஏறும். முடிந்தால் அப்போது போங்கள், சேற்றில் வண்டி தள்ளத் தயாராக.

சுவிசேஷம் சொல்வது பற்றி. மலாவி ஏரிக்குத் தெற்கே மங்கோச்சி பக்கம் யாவோ முஸ்லிம்கள் நிறைய இருக்கிறார்கள். மருந்துக்கு நிபந்தனையாக எதையும் வைக்காதீர்கள், வைத்தது போலத் தோன்றவும் விடாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதே அன்போடு மாத்திரையை எண்ணிக் கொடுங்கள். ஆண்டவர் குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், மற்ற ஒன்பது பேரிடமிருந்து அவர் சுகத்தைத் திரும்ப வாங்கவில்லை.

உங்கள் உடம்பையும் பாருங்கள். கொசுவலை, மலேரியா தடுப்பு மாத்திரை இரண்டும் கட்டாயம். ஏரிக்கரையில் தண்ணீர் அழகாக இருக்கும், நத்தைகள் வழியாக வரும் பில்ஹார்சியா என்கிற புழு நோய் அதில் உண்டு, இறங்கினால் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் மருந்து தொடர வேண்டியவர்கள், மறுபடி எடை பார்க்க வேண்டிய குழந்தைகள், யாரை எங்கே அனுப்பினீர்கள் என்பதையெல்லாம் எழுதி எச்.எஸ்.ஏ. கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.