பினாங்கில் சிறு படகில் கிளம்புமுன் கடல் வானிலையைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

தெலுக் கும்பாரிலோ பத்து மாவுங்கிலோ படகெடுத்து விடியலில் மீன்பிடிக்கப் போகிறவர்களில் பலர், முந்தின இரவு கைப்பேசியில் பார்ப்பது ஒரே ஒரு படம்: பாதி மேகம், பாதி சூரியன், 31 டிகிரி. அது ஜார்ஜ்டவுன் தெருவுக்காகப் போட்ட படம். புலாவ் கெண்டி என்ற குட்டித் தீவுக்கு அப்பால் காற்று எத்தனை நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு), அலை எத்தனை விநாடிக்கு ஒன்று, எந்த மணிக்கு நிலைமை மாறும் என்பதை அது சொல்லாது. இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும்.

கீழே வரும் அளவுகள் 18 முதல் 20 அடி ஃபைபர் படகு, ஒரே எஞ்சின், மூன்று நான்கு பேர் என்ற கணக்குக்கு. படகு அதைவிடச் சிறியதென்றால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முந்தின இரவு: எச்சரிக்கை உண்டா?

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தையோ அதன் மைச்சுவாச்சா (myCuaca) செயலியையோ திறந்து, கடல் எச்சரிக்கைப் பகுதிக்கு நேராகப் போங்கள். கப்பல்களுக்கான அறிக்கையில் கடல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பினாங்கு இருப்பது மலாக்கா நீரிணையின் வடபகுதியில். அதற்கு மேலே உள்ள புக்கெட் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே கடல் கொந்தளித்தால் அதன் அலை நம் மேற்குக் கரைக்கும் வரக்கூடும்.

பலத்த காற்று, கொந்தளிப்பு எச்சரிக்கை மூன்று வகை. முதல் வகை: காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. இரண்டாம் வகை: 50 முதல் 60 கிலோமீட்டர், அலை 4.5 மீட்டர் வரை. மூன்றாம் வகை அதற்கும் மேல். ‘முதல் வகைதானே’ என்று யாராவது சொன்னால், 3.5 மீட்டர் என்பது வீட்டு உட்கூரையைவிட உயரம் என்று காட்டுங்கள். எந்த வகையாக இருந்தாலும் சிறு படகு கரையில்தான் இருக்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை, பயணத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

அறிக்கையை மலாயில் படிக்கும்போது திசைச் சொற்களில் கவனம் தேவை. ‘தீமூர் லாவுட்’ வடகிழக்கு, ‘பாராட் லாவுட்’ வடமேற்கு. லாவுட் என்றால் கடல் என்று பழகிவிட்டதால், அவசரத்தில் இதைக் கிழக்குக் கடல், மேற்குக் கடல் என்று படித்துவிடுகிறார்கள். ‘பாராட் டாயா’ தென்மேற்கு, ‘தெங்காரா’ தென்கிழக்கு.

2. காற்று: எங்கிருந்து, எவ்வளவு?

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். அறிக்கையில் ‘தென்மேற்குக் காற்று’ என்றால் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. நமக்கு இதில் குழப்பமே வரக்கூடாது, ஏனென்றால் தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்ததே அப்படித்தான். வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. ஆனால் நீரோட்டத்துக்கு முறை தலைகீழ்: ‘தெற்கு நீரோட்டம்’ என்றால் தெற்கு நோக்கி ஓடும் நீர். இரண்டையும் ஒரே படத்தில் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

வேகம் ‘நாட்’ என்ற அலகில் வரும். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்தால் சரியாக இருக்கும். 10 நாட் வரை போகலாம். 11 முதல் 16 நாட்டுக்குள் வெள்ளை நுரைத்தலைகள் அடுத்தடுத்து தெரியும், புதியவர் திரும்ப வேண்டிய இடம் அதுதான். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் 10 நாட்டில் சுகமாக இருந்த படகு 20 நாட்டில் கைக்கு அடங்காது. சராசரி வேகத்தோடு வீச்சு (gust), அதாவது இடையிடையே திடீரென்று எழும் உச்ச வேகம், என்ற எண்ணையும் பாருங்கள். சராசரி 9, வீச்சு 20 என்று இருந்தால் 20ஐயே கணக்கில் வையுங்கள்.

படகுத்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு ஏமாற்றம் உண்டு. பத்து மாவுங் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றை மலைகள் மறைப்பதால் துறையில் தண்ணீர் தகடுபோல் கிடக்கும். தெற்கு முனையைச் சுற்றி மேற்கே திரும்பிய பிறகுதான் உண்மையான அலை படகின் முகத்தில் அடிக்கும்.

3. அலை: உயரம் பாதிக் கதைதான்

அறிக்கையில் வரும் அலை உயரம், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எழலாம். 0.8 மீட்டர் என்று போட்டிருந்தால் 1.5 மீட்டர் அலை ஒன்று அன்றைக்குள் வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

அதைவிட முக்கியம் இடைவெளி, அதாவது ஓர் அலைத்தலைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி என்பது. ஆழ்கடலில் விநாடியை அதே எண்ணால் பெருக்கி 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 8 விநாடி இடைவெளி: சுமார் 100 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் உயரம் அதில் பரவிக்கிடக்கும், படகு மெல்ல ஏறி இறங்கும். 4 விநாடி: 25 மீட்டர்தான். அதே ஒரு மீட்டர் இங்கே செங்குத்தாகிவிடும். ஆறு மீட்டர் படகு ஓர் அலையிலிருந்து தலை தூக்குவதற்குள் அடுத்தது மூக்கில் இறங்கும். மலாக்கா நீரிணை குறுகலானது, ஆழமும் குறைவு, அதனால் இங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் குட்டை இடைவெளி அலைகளைத்தான். 5 விநாடிக்குக் குறைவென்றால் 0.7 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை.

4. நேரமும் கட்டமும்

விண்டி (Windy) போன்ற வானிலைச் செயலிகள் காட்டுவது, வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினி மாதிரிகளின் கணக்கு. சில படங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டுங்கள். 22 மணி என்று பார்த்தால் அது நமக்கு மறுநாள் காலை 6 மணி. இதைத் தவறவிட்டு இரவு நேர அமைதியைப் பகல் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் உண்டு.

மாதிரி கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் (GFS) படங்களில் சுமார் 25 கிலோமீட்டர். பினாங்குத் தீவின் அகலமே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் முழுத் தீவும் ஒளிந்துகொள்ளும்போது, சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகத்தை அது எப்படிப் பிடிக்கும்? பருவக்காற்றின் பொதுப்போக்கை மாதிரி நன்றாகச் சொல்லும், இடிமழையைச் சொல்லாது. இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 5 நாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. நீரேற்றம்

தேசிய நீர்வரைவியல் மையத்தின் (Pusat Hidrografi Nasional) நீரேற்ற அட்டவணையில் பினாங்குக்கான பக்கத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும், நீரோட்டமும் வேகமெடுக்கும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும் மணியில், அறிக்கையில் இருப்பதைவிட அலை செங்குத்தாகும். ஆற்று முகத்துத் துறைக்குத் திரும்புகிறவர்கள் வற்றிய நேரத்தில் வந்தால் சேற்றில் தட்டி நிற்க நேரும். மழை துரத்தும்போது அப்படி மாட்டிக்கொள்வது ஆபத்து.

6. கிளம்பும் காலை: ரேடார்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் மழை குறைவு என்று சொல்வார்கள். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறை என்ற ஒன்று உண்டு. இரவில் சுமத்ராவின் மலைகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, நீரிணையின் வெதுவெதுப்பான காற்றைத் தூக்கிவிட, இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகரும். நம் கரைக்கு அது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் விடியலை ஒட்டி வரும். மீன்பிடிக்கக் கிளம்பும் அதே நேரம். பருவ மாற்றக் காலமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடார் படத்தில் மேற்கே வில்போல் வளைந்த மஞ்சள், சிவப்புக் கோடு தெரிகிறதா? அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை எடுங்கள். கோட்டின் முன்விளிம்பு 20 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 40. உங்களுக்கும் அதற்கும் 50 கிலோமீட்டர் இருந்தால் 75 நிமிடத்தில் வந்துவிடும். அதில் 15 நிமிடத்தைக் கழித்துவிடுங்கள், ஏனென்றால் ரேடார் காட்டுவது மழையைத்தான், காற்று மழைக்கு முன்னாலேயே ஓடிவரும். மிச்சம் 60. மீன்பிடிக்கும் இடத்திலிருந்து கரை சேர 40 நிமிடம் ஆகுமென்றால் உங்கள் கையில் இருப்பது 20 நிமிடம். அதற்காகக் கிளம்பாதீர்கள். கோடு கடந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மீதிக் காலை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

7. கடலில்

சிக்னல் போன பிறகு கண்ணும் தோலும்தான் கருவி. மேற்கே அடிப்பாகம் கறுத்த, அலமாரித் தட்டுபோல் நீண்ட மேகம். திடீரென்று காற்று நின்றுபோவது. பின் சில்லென்று ஒரு வீச்சு. சில்லென்று பட்டுவிட்டால் நிமிடங்கள்தான் மிச்சம். தூண்டிலைச் சுருட்டி உடனே திரும்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கார்பன் தூண்டில் கோல் மின்சாரம் கடத்தும், நிமிர்த்தி வைக்காமல் படுக்கப்போடுங்கள். சூறை பிடித்துவிட்டால் எஞ்சினை அணைக்காமல், படகின் முகத்தை அலைக்குச் சற்றே சாய்வாக வைத்து மெதுவாக முன்னேறுங்கள். பக்கவாட்டில் அலை அடிக்க விட்டால்தான் படகு கவிழும்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் ஜொகூரில் கரை கடந்தது. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கைப் பெருமழையும் காற்றும் புரட்டிப்போட்டன. ஆண்டின் கடைசி மாதங்களில் தாழ்வுநிலை பற்றிய செய்தியையும் தேடிப் படியுங்கள்.

கிளம்புமுன் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் உள்ள ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி ஆகியும் தகவல் இல்லையென்றால் 999ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். படகில் விஎச்எஃப் வானொலி இருந்தால் அதை அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள்.