தொடர் சப்ளை ஒப்பந்தத்தைச் சண்டையில்லாமல் ஓட்டுவது எப்படி?

ஒரே போல்ட்டுக்கு வாரா வாரம் புது பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தம், அதில் விலை, தரம், பேக்கிங், பணம் தரும் கெடு. எந்த வாரம் எத்தனை என்பது மட்டும் தனியாக ஷெட்யூலில் போகட்டும்.

ஷெட்யூலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக முதல் 3 வாரம் உறுதி, அதில் நீங்கள் மனம் மாறினாலும் சப்ளையர் செய்து வைத்ததை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். அடுத்த 4 வாரத்துக்கு அவர் கச்சாப்பொருள் வாங்கி வைக்கலாம், மாற்றினால் அந்தப் பொருளுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. அதற்கு மேல் இருப்பது வெறும் மதிப்பீடு. பாகத்தைச் செய்யவே 3 வாரம் பிடிக்கும் என்று தெரிந்தும் 1 வாரம்தான் உறுதி என்று எழுதினால், அது இருவரும் சேர்ந்து சொல்லும் பொய்.

அப்புறம் கணக்கு. தகராறு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. "இந்த வாரம் 500" என்று மட்டும் அனுப்பாதீர்கள், ஒப்பந்தம் தொடங்கியதிலிருந்து மொத்தம் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று அனுப்புங்கள். போன வெள்ளி வரை கேட்டது 2,000, இறங்கியது 1,940, வரும் வெள்ளிக்கு மொத்தம் 2,500 என்றால் அவர் தர வேண்டியது 560. ஆனால் அவர் ஏட்டில் 2,000-மும் அனுப்பியாச்சு என்றிருக்கும். அந்த 60 லாரியில் இருக்கலாம், சோதனையில் கழித்துத் திருப்பியதாகவும் இருக்கலாம். அதனால் நீங்கள் கடைசியாக வரவு வைத்த சலானின் (சரக்கோடு வரும் சீட்டின்) எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு ஷெட்யூலிலும் போடுங்கள். எது இன்னும் வழியில் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். திருப்பி அனுப்பியது மொத்தத்தில் கழியுமா என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டு, வருஷக் கடைசியில் இரண்டு நாள் பழைய சலான்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

சில்லறை விஷயங்களும் உண்டு. பெட்டிக்கு 48 என்றால் 500 கேட்காதீர்கள், 480 அல்லது 528 கேளுங்கள். உலோகம் மாதிரி விலை ஏறி இறங்கும் பொருளானால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவது, புது விலை சரக்கு அனுப்பிய நாளைக் கொண்டா இறங்கிய நாளைக் கொண்டா என்று பேசிவிடுங்கள். ஷெட்யூலைத் தினமும் மாற்றவேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும். தினம் பத்து, இருபது என்று மாறினால் அவர் கொஞ்ச நாளில் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுவார்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அடுத்ததைப் பேசத் தொடங்குங்கள். புதியதில் மொத்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், அதனால் பழையதில் தொங்கும் அந்த 60-ஐ எதில் வரவு வைப்பது என்று மாற்றும் அன்றே இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.