கலியாணத்தில் ஏமாற்றப்பட்டால்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் எஞ்சினியர் என்று தரகர் சொன்ன மாப்பிள்ளைக்கு அங்கே வேறு வேலை. வயதிலும் ஐந்து குறைத்திருக்கிறார்கள். எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்த பிறகு இப்படி ஏதாவது தெரியவந்தால் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: "ஏமாத்திக் கட்டினது, செல்லாது." இதை நம்பி வழக்குப் போடுவதுதான் முதல் தவறு.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை சொத்து விடயத்துக்குத்தான். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. இங்குள்ள மற்றவர்களின் திருமணத்துக்கு 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டமும், அது பேசாத இடத்தில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டமும் பொருந்தும். வேலை, சம்பளம், படிப்பு, சாதகம் பற்றிய பொய்கள் எவ்வளவு பெரியவையானாலும், அவை மட்டும் திருமணத்தைச் செல்லாததாக்காது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்து, அந்தத் திருமணம் சட்டப்படி முறியவில்லை என்றால் கதை வேறு. இந்த இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆள்மாறாட்டம், மிரட்டிக் கையெழுத்து வாங்கியது, பெண் வேறொருவரால் கர்ப்பமாயிருந்ததைக் கணவன் அறியாதது போன்றவையும் நீதிமன்றம் கேட்கும் காரணங்கள்தான். ஆனால் ஆள்மாறாட்டம் முதலான இந்தக் காரணங்களில் உண்மை தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தால், ஏற்றுக்கொண்டதாகவே எடுக்கப்படும். "பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாகும்" என்று பெரியவர்கள் ஆறப்போடுவது இங்கேதான் வழக்கைக் கெடுக்கிறது.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. எழுத்தை முதலில் வைத்து, தாலியைப் பல மாதம் கழித்துக் கட்டுகிறோம். இடையில் குழம்பினால், "தாலி ஏறேல்லைத்தானே" என்று வேறிடம் பேசத் தொடங்குகிறார்கள். பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட அன்றே நீங்கள் கணவன் மனைவி. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுபடி எழுதினால் அது இருதாரக் குற்றம். கோயிலில் பெரியவர்கள் முன் எழுதிய பிரிவுக் கடிதமோ பொலிஸ் முறைப்பாடோ பதிவை அழிக்காது. மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

செல்லாதது என்று வாதாட வழியில்லாவிட்டால் விவாகரத்து இருக்கிறது. ஆனால் அதற்கும் பிறர்மனை உறவு, வஞ்சகமாகக் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற காரணம் வேண்டும். சுலபமாக முடியும் என்று கடைசிக் காரணத்தைப் பொய்யாகப் போடாதீர்கள். மருத்துவ அறிக்கை கேட்டால் வழக்கும் போகும், உங்கள் பேச்சின் மதிப்பும் போகும்.

கோபத்தில் வைபர், வட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். சீதனமாகச் சொத்துக் கொடுத்து உறுதி எழுதியிருந்தால் அதையும் முதல் நாளே சட்டத்தரணியிடம் காட்டுங்கள், திருமணம் போனதும் உறுதி தானாகப் போய்விடாது. பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையில் கேட்கலாம்.