மாடிக் கூண்டும் பக்கத்து வீட்டுப் பூனையும்

பூனை கூண்டுக்குள் நுழைந்து பறவையைத் தூக்கிப்போவது குறைவு. வழக்கமாக நடப்பது வேறு. நடுராத்திரியில் அது வலையில் வந்து தொற்றும். தூங்கிக்கொண்டிருந்த லவ் பேர்ட்ஸ் கண்மண் தெரியாமல் பறந்து கம்பியில் மோதும். அதில் ஒன்று பயத்தில் வலையோரமே ஒட்டிக்கொள்ளும். அதன் காலையோ இறக்கையையோ பூனை நகத்தால் கொக்கிபோட்டு இழுக்கும். விடிந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கும், தட்டில் ரத்தமும் இறகும் கிடக்கும். அதனால் வலை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. பூனை நிற்கும் இடத்துக்கும் பறவை உட்காரும் இடத்துக்கும் இடையே தூரம் வேண்டும்.

எதையும் வாங்கும் முன் வருவது யார் என்று பாருங்கள். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி ஏணியின் அடி, சன்ஷேட், பைப் வளைவு ஆகிய இடங்களில் சாயங்காலம் கோலப்பொடியைச் சல்லடையில் மெல்லியதாகச் சலித்துவிடுங்கள். கல்மாவுப் பொடிதான் நல்லது. அரிசி மாவு என்றால் விடிவதற்குள் எறும்பு மொய்த்துத் தடத்தைக் கெடுத்துவிடும். பூனையின் தடம் வட்டமாக இருக்கும், நான்கு விரல் தெரியும், நகம் பதியாது. ஐந்து விரலும் நகக் குறியும் தெரிந்தால் கீரியாகவோ மரநாயாகவோ இருக்கலாம். சென்னை போன்ற ஊரிலும் மரநாய் கேபிள் ஒயர் மேலேயே நடந்து மாடி மாடியாகப் போகும். அது செய்த காரியத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனையோடு சண்டைக்குப் போகவேண்டாம். மூன்று நாள் இப்படிப் பார்த்தால் வரும் வழியும் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வழிதான் இருக்கும். சுவரை ஒட்டிய முருங்கைக் கிளையை வெட்டுவது, பைப்பைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வழவழப்பான தகரம் சுற்றுவது போன்றவற்றாலேயே பாதித் தொல்லை அடங்கும்.

இனி வலை. கோழி வலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைப்பதற்குத்தான் லாயக்கு. ஓட்டை பெரிது, கம்பி மெல்லிசு, பூனையின் முன்னங்கால் தாராளமாக உள்ளே போகும். வாங்கவேண்டியது அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த சதுர வலை), 18 கேஜ். கையில் காசு இருந்தால் 16. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு 22 கேஜை வாங்கி வந்து ஏமாறுபவர்கள் நிறைய. ஓட்டை ஒரு அங்குலமாக இருந்தால் புறாவுக்குப் போதும் என்பார்கள். புறா வெளியே வராதுதான், ஆனால் பூனையின் பாதம் உள்ளே வரும், எலிக்குஞ்சும் வரும்.

பழைய கூண்டைப் பிரிக்க வேண்டியதில்லை. அதன் வெளிப்பக்கச் சட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டையைக் குத்துவசமாக அடித்து, அதற்கு மேல் புது வலையைப் போர்த்துங்கள். இரண்டு வலைக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி கிடைக்கும். பூனை வெளிவலையில் தொங்கினாலும் நகம் உள்வலையை எட்டாது. யூ ஆணி மட்டும் அடித்து விட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு கிலோ எடை தினமும் தாவித் தொங்கினால் ஆணி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, அதற்கு அகலமான வாஷர் போடவேண்டும். இரும்புச் சட்டமாக இருந்தால் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டி, முனையை வெளிப்பக்கம் மடக்குங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பறவையின் கண்ணையோ கால் வளையத்தையோ மாட்டும்.

புது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையை அப்படியே மாட்டக்கூடாது. வெல்டு செய்த இடங்களில் துத்தநாகம் சின்னச் சின்னக் கட்டியாக ஒட்டியிருக்கும். கிளி இனங்கள் அதைக் கொறித்து விஷம் ஏறிச் சாகும். வினிகர் ஊற்றிக் கம்பிபிரஷால் தேய்த்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு மாட்டுங்கள்.

கூரையைக் கண்டிப்பாக மூடுங்கள். பூனைக்கு உயரமான இடம்தான் பிடிக்கும். கூண்டின் உச்சி வெறும் வலையாக இருந்தால் அங்கேயே படுத்துக்கொள்ளும். நான்கு பக்கமும் ஒரு அடி வெளியே நீளும்படி ஷீட் போடுங்கள். ஷீட்டின் வளைவுகளுக்கு அடியில் விடுபடும் இடைவெளியை வலைத்துண்டு வைத்து அடையுங்கள். அவ்வளவு இடம் எலிக்குத் தாராளம்.

கதவில்தான் ஆளுக்கு ஆள் கோட்டை விடுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்டால் கீழ் மூலை அசையும். பூனை அங்கே பாதத்தை விட்டு நெம்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு டவர் போல்ட் போடுங்கள். கடையில் வாங்கிய சின்னக் கூண்டு என்றால், மேலே தூக்கித் திறக்கும் தீனிக்கதவுகளைத் துணி கிளிப்பாலோ கட்டுக்கம்பியாலோ பூட்டுங்கள். கூண்டு கவிழ்ந்தால் முதலில் திறப்பது அவைதான். கொக்கியில் தொங்கவிடுவதைவிடச் சுவரில் பிராக்கெட் அடித்து நிறுத்துவது மேல். நின்ற இடத்திலிருந்து ஐந்தடிக்கு எம்புவது பூனைக்குச் சாதாரணம். வாஷிங் மெஷினோ நாற்காலியோ பக்கத்தில் இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

உள்ளே, பறவைகள் ராத்திரி அடைவது எப்போதும் உயரமான கம்பில்தான். அந்தக் கம்பு எந்த வலைக்கும் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் நடுவில் இருக்கட்டும். மூன்று பக்கம் கெட்டித் துணி தொங்கவிட்டு ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிடுங்கள். மிரண்டு பறந்தாலும் கம்பு தெரிந்தால் திரும்பி உட்காரும், அடைக்கோழி போல முட்டையில் கிடந்த பெட்டையும் கூடாக வைத்த பானைக்குள் திரும்பும். புறா வளர்ப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் எண்ணி அடைத்துவிடவேண்டும். இறங்குபலகைக்குப் பக்கத்தில் தொட்டி மறைவோ பழைய சாமான் குவியலோ இருக்கக்கூடாது. பூனை பதுங்கியிருந்து பிடிப்பது அங்கேதான், அதுவும் இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சை.

ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பூனை முதலில் வருவது எலிக்காகத்தான், எலி வருவது சிந்திய தினைக்கும் கம்புக்கும். ஆறு மணிக்குள் அடித்தட்டைக் கொட்டி, கீழே கூட்டி, தீனியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

ரசகற்பூர உருண்டை (அந்துருண்டை), ஃபினைல், மிளகாய்ப்பொடி மூன்றும் வேண்டாம். உருண்டையின் ஆவி பூனையைவிடக் கூண்டில் அடைபட்ட பறவைக்குத்தான் கெடுதல். ஃபினைல் பட்ட பாதத்தைப் பூனை நக்கினால் அதற்கு விஷம். விஷம் வைப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. உங்கள் கூண்டில் பச்சைக்கிளியோ முனியாவோ இருந்தால், போலீசில் புகார் கொடுக்கும் முன், அவற்றை வளர்ப்பதையே தடைசெய்யும் 1972 வனவிலங்குச் சட்டம் ஒன்று இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

பூனைக்காரரிடம் பேசும்போது ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். “அக்கா, உங்க பூனைய ராத்திரி மட்டும் உள்ள வெச்சுக்க முடியுமா? எங்க மாடில குருவிங்க மிரண்டு அடிபடுது.” “பூனைன்னா சுத்தத்தாம்பா செய்யும்” என்று பதில் வரும். அதுவும் நியாயம்தான். சாயங்காலச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் சில வாரத்தில் பழகிவிடும் என்று சொல்லுங்கள். கடுவனாக இருந்தால் கருத்தடைச் செலவில் பாதி தருகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். அதற்குப் பிறகு சுற்றும் எல்லை குறையும். கழுத்தில் மணி கட்டச் சொல்வதால் கூண்டுப் பறவைக்கு லாபமில்லை, அது ஓடித் தப்பவா முடியும்?

இவ்வளவுக்கும் பிறகு பூனை கை வைத்துவிட்டால், பறவை தெம்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பூனையின் வாயிலும் நகத்திலும் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஊசிமுனைக் காயம் வழியாக ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். இறகை ஊதி விலக்கி, மார்பு, முதுகு, இறக்கையடி எல்லாம் பாருங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்துத் தனியாக வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பின் சூடு படும்படி செய்யுங்கள்; சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மனிதருக்கான மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பதும் வேண்டாம், முப்பது கிராம் உடம்புக்கு அளவு பிடிபடாது. ஆன்டிபயாடிக் அன்றைக்கே தொடங்கவேண்டும். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கும் டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து, நம்பரைக் கூண்டுக் கதவிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.